அளந்து கற்க வேண்டிய பாடம்: பல்கலைக்கழகங்களில் கணிப்பொறி வலையமைப்புக் கல்வி

(பொறியியல் மாணவர்களும் அரசுத் துறை அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தரவுத் தொடர்பு, கணிப்பொறி வலையமைப்பு ஆகிய பாடங்களைப் பல்கலைக்கழகங்களில் எவ்வாறு கற்க வேண்டும் என்பது குறித்துப் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நாட்டில் கணிப்பொறி அறிவியலோ மின்னணுவியலோ பயிலும் மாணவர் எவரும் இப்பாடத்தைத் தவிர்க்க இயலாது. முதுநிலைப் படிப்புக்கான கேட் தேர்விலும் இது இடம்பெறுகிறது. ஆகவே, இப்பாடம் தேவையா என்ற கேள்விக்கு இடமில்லை. அது எப்படிக் கற்கப்படுகிறது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் ஒரு கல்லூரிக்கு வாய்மொழித் தேர்வு நடத்தச் சென்றிருந்தேன். ஒரு மாணவர் வலையமைப்பின் ஏழு அடுக்குகளையும் மேலிருந்து கீழாகவும், கீழிருந்து மேலாகவும் பிழையின்றிச் சொன்னார். ஒவ்வோர் அடுக்கின் பணியையும் விளக்கினார். நான் மகிழ்ந்து, அந்த அறையில் இருந்த கணிப்பொறியைக் காட்டி, "இதிலிருந்து தில்லியில் உள்ள ஒரு கணிப்பொறிக்குச் சிறு செய்தி ஒன்று போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நொடியா, ஒரு நொடியா, அல்லது நொடியில் நூற்றில் சில பங்குகளா?" என்று கேட்டேன். அவரால் சொல்ல இயலவில்லை. தோராயமாக மதிப்பிடவும் அவர் முற்படவில்லை. அதை அவருடைய குறை என்று நான் கருதவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பில் எவரும் அவரை எதையும் அளந்து பார்க்கச் சொன்னதில்லை.

இப்பாடத்தை அளந்து கற்க வேண்டும் என்பதே நான் இன்று சொல்ல விரும்புவது. அதற்கான காரணங்களையும், குறைந்த செலவில் அதைச் செய்யும் வழிகளையும் கூறுகிறேன்.

மாணவர்கள் வளர்த்த துறை

கணிப்பொறி வலையமைப்பு பல்கலைக்கழகங்களில் வளர்ந்த துறையாகும். செய்தியைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் முகவரி எழுதி அனுப்பும் முறையைப் பற்றி 1960களின் முற்பகுதியில் அமெரிக்காவில் பால் பேரன் என்பவரும், 1965-ல் பிரிட்டனில் டொனால்டு டேவிஸ் என்பவரும் ஒருவரையொருவர் அறியாமலேயே சிந்தித்தனர். அத்துண்டுகளுக்குப் பாக்கெட், அதாவது பொட்டலம், என்று பெயரிட்டவர் டேவிஸ்.

இக்கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பின் முதல் செய்தி 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலீசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சிக் கழகத்திற்கு அனுப்பப்பட்டது. அனுப்பியவர் அப்பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒருவர். "லாகின்" என்ற சொல்லின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் மறுமுனையில் இருந்த கணிப்பொறி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குப் பிறகே முழுச் சொல்லும் சென்றது.

அந்தப் பல்கலைக்கழகம் முதல் நிலையமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான காரணம் நம் தலைப்புடன் தொடர்புடையது. பேராசிரியர் லியோனார்டு கிளைன்ராக் தலைமையில் இயங்கிய வலையமைப்பு அளவீட்டு மையம் அங்கேதான் இருந்தது. புதிதாக அமைக்கப்படும் வலையமைப்பில் பொட்டலங்கள் எங்கே தேங்குகின்றன, எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்று அளப்பதே அம்மையத்தின் பணி. அங்கே பயின்ற ஸ்டீவ் கிராக்கர், வின்டன் செர்ஃப், ஜான் போஸ்டல் ஆகிய மாணவர்கள் பின்னாளில் இணையத்தின் நெறிமுறைகளை உருவாக்கியவர்களாக அறியப்பட்டனர். நெறிமுறைகளை வெளியிடும் குறிப்புத் தொடரின் முதல் குறிப்பை 1969 ஏப்ரலில் எழுதியவர் கிராக்கரே. அளவீடும் அமைப்பும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வளர்ந்தன என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டிலும் இத்துறை கல்வி நிலையங்களில்தான் தொடங்கியது. மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986-ல் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கிற்று. தில்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து இடங்களில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும், பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும், மின்னணுத் துறையும் ஆக எட்டு அமைப்புகள் அதில் பங்கேற்றன. முதலில் தொலைபேசி வழியே மின்னஞ்சல் சென்றது. பின்னர் நொடிக்கு 9,600 பிட் வேகமுள்ள வாடகைத் தடங்கள் கிடைத்தன. அந்த வேகத்தில் 3,000 எழுத்துகள் கொண்ட ஓர் ஆங்கிலப் பக்கத்தை அனுப்ப இரண்டரை நொடி ஆகும். இன்று கைபேசியில் எடுக்கும் 30 லட்சம் பைட் அளவுள்ள ஒரு நிழற்படத்தை அனுப்ப வேண்டுமானால் 40 நிமிடங்களுக்கு மேல் ஆகும். அவ்வளவு குறுகிய தடத்தில் பணியாற்றியவர்கள் ஒவ்வொரு பிட்டையும் எண்ணியே வாழ்ந்தனர். அதுவே அவர்களுக்குச் சிறந்த பயிற்சியாக அமைந்தது.

பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. 2010-ல் தேசிய அறிவு வலையமைப்புக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,500 கல்வி, ஆராய்ச்சி நிலையங்களை நொடிக்குப் பல நூறு கோடி பிட் வேகத்தில் இணைப்பது அதன் நோக்கம். சுமார் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டத்திற்கு 2011-ல் ஒப்புதல் கிடைத்தது. அது பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. வேகம் பெருகியது, பயன் பெருகியது. ஆனால், பிட்டுகளை எண்ணும் பழக்கம் நம் வகுப்பறைகளில் குறைந்துவிட்டது.

நான்கு அடிப்படைகள்

வலையமைப்புப் பாடநூல் எவ்வளவு தடித்ததாக இருந்தாலும், அதன் உள்ளீடு நான்கு கேள்விகளில் அடங்கும் எனலாம். தடத்தின் கொள்ளளவு என்ன? செய்தி சென்று சேர எவ்வளவு நேரம் ஆகும்? வழியில் பிழை நேர்ந்தால் என்ன செய்வது? பலர் ஒரே தடத்தை எப்படிப் பகிர்ந்துகொள்வது? இந்நான்கிற்கும் எண்களாலான விடைகள் உண்டு.

முதலாவது கொள்ளளவு. 1948-ல் கிளாட் ஷானன் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ஒரு தடத்தில் பிழையின்றி அனுப்பக்கூடிய பிட்டுகளுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு என்று நிறுவியது. தடத்தின் அலைவரிசை அகலத்தையும், இரைச்சலைப் போல எத்தனை மடங்கு குறிப்பலை வலுவாக உள்ளது என்பதையும் கொண்டு அவ்வரம்பைக் கணக்கிடலாம். பழைய தொலைபேசித் தடத்தின் அகலம் சுமார் 3,100 ஹெர்ட்ஸ். குறிப்பலை இரைச்சலைப் போல 1,000 மடங்கு வலுவுள்ளது எனக் கொண்டால், வரம்பு நொடிக்கு ஏறத்தாழ 31,000 பிட் ஆகும். எத்தனை திறமையான பொறியாளரும் அந்தத் தடத்தில் அதற்கு மேல் அனுப்ப இயலாது. இந்த ஒரு கணக்கைத் தாமே செய்து பார்த்த மாணவர், விளம்பரங்களில் சொல்லப்படும் வேகங்களைக் கண்டு மயங்கமாட்டார்.

இரண்டாவது தாமதம். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னைக்கும் தில்லிக்கும் இருப்புப்பாதை வழியே சுமார் 2,200 கிலோமீட்டர். அந்த நீளத்திற்கு ஒளியிழை போடப்பட்டிருந்தால், செய்தி ஒருவழி செல்ல 11 மில்லி நொடி, சென்று திரும்ப 22 மில்லி நொடி ஆகும். உண்மையில் அளந்தால் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். இழை செல்லும் சுற்றுவழியும் இடையில் உள்ள ரௌட்டர்களில் காத்திருக்கும் நேரமும் அதற்குக் காரணம். வாய்மொழித் தேர்வில் நான் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் போதும். ஆனால், புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே இணைப்பு இருந்தால் கணக்கே மாறிவிடும். அது நிலநடுக்கோட்டிற்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. செய்தி மேலே சென்று கீழே வர ஏறத்தாழ கால் நொடி, மறுமொழி வந்து சேர ஏறத்தாழ அரை நொடி ஆகும். எவ்வளவு பணம் செலவிட்டாலும் இந்த அரை நொடியைக் குறைக்க முடியாது.

மூன்றாவது பிழை. மின்னலும் இரைச்சலும் பிட்டுகளைப் புரட்டிவிடும். அனுப்பும்போதே சில சரிபார்ப்புப் பிட்டுகளைச் சேர்த்து அனுப்பினால் பிழையைக் கண்டறியலாம், திருத்தவும் செய்யலாம். பெல் ஆய்வகத்தின் ரிச்சர்டு ஹேமிங், வார இறுதியில் தாம் ஓடவிட்டுச் சென்ற கணக்குகளைப் பிழை நேர்ந்தவுடன் கணிப்பொறி கைவிட்டுவிடுவது கண்டு சலிப்புற்று, பிழை திருத்தும் குறியீட்டை வகுத்து 1950-ல் வெளியிட்டார். நான்கு பிட் தரவுக்கு மூன்று சரிபார்ப்புப் பிட் என்ற அவருடைய முறையை மாணவர் தாளிலேயே செய்து பார்க்கலாம்.

நான்காவது பகிர்வு. இதுவே பாடத்தின் மிக வளமான பகுதி. 1971-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர், தீவுகளுக்கிடையே வானொலி வழியே கணிப்பொறிகளை இணைத்தனர். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். இருவருடைய பொட்டலங்கள் மோதினால் சிறிது காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும் என்பதே விதி. கணக்கிட்டபோது, இவ்விதியின்படி தடத்தின் திறனில் 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்த இயலாது என்று தெரிந்தது. அனைவரும் குறித்த நொடித்துளிகளில் மட்டுமே அனுப்பத் தொடங்கலாம் என்று ஒரு சிறு ஒழுங்கைச் சேர்த்தவுடன் அது 37 விழுக்காடாக, அதாவது இரு மடங்காக உயர்ந்தது. புதிய கம்பியோ கூடுதல் மின்திறனோ இல்லாமல், ஒழுங்கினால் மட்டுமே கிடைத்த இலாபம் அது.

வரிசையில் காத்திருத்தலும் பகிர்வின் ஒரு பகுதியே. கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்தில் பணியாற்றிய எர்லாங் என்பவர் 1909-லேயே இதற்கான கணிதத்தைத் தொடங்கிவைத்தார். பொட்டலங்களின் வருகையும் அளவும் தற்செயலாக அமையும் எளிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். தடம் பாதியளவு சுமையுடன் இருந்தால், ஒரு பொட்டலம் எடுத்துக்கொள்ளும் சராசரி நேரம் வெற்றுத் தடத்தில் ஆவதைப் போல இரு மடங்கு. சுமை 80 விழுக்காடானால் ஐந்து மடங்கு. 90 விழுக்காடானால் பத்து மடங்கு. 95 ஆனால் இருபது மடங்கு. "தடத்தில் இன்னும் பத்து விழுக்காடு காலியாகத்தானே இருக்கிறது, ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்கும் அலுவலருக்கு இதுவே விடை. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் இணையதளங்கள் ஏன் திணறுகின்றன என்பதும் இக்கணக்கால் விளங்கும்.

நானூறு கெஜத்தில் நிகழ்ந்த முடக்கம்

1986 அக்டோபரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் சுமார் 400 கெஜத் தொலைவில் இருப்பவை. அவற்றுக்கிடையே நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த போக்குவரத்து திடீரென நொடிக்கு 40 பிட்டாகச் சரிந்தது. கம்பி அறுபடவில்லை, கருவிகள் பழுதாகவும் இல்லை. ஒவ்வொரு கணிப்பொறியும் தன் பொட்டலம் போய்ச் சேரவில்லை என்று எண்ணி மறுபடி மறுபடி அனுப்பியதால், ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவற்றின் நகல்களால் தடம் நிரம்பிவிட்டது.

வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர், மைக்கேல் கேரல்ஸ் என்பவருடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார். தடத்தில் செல்லும் பொட்டலங்களைப் பதிவு செய்து, எது எந்த நொடியில் சென்றது என்று வரைபடமாக வரைந்து பார்த்தனர். காரணம் புலப்பட்டது. புதிதாகத் தொடங்குபவர் மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்ட வேண்டும்; பொட்டலம் தொலைந்தால் அது நெரிசலின் அறிகுறி என்று கொண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற விதிகளை வகுத்து 1988-ல் வெளியிட்டனர். அவ்விதிகளின் வழிவந்த முறைகளே இன்றும் உலகெங்கும் கணிப்பொறிகளிலும் கைபேசிகளிலும் இயங்குகின்றன.

நம் பாடநூல்களில் இவ்விதிகள் இடம்பெறுகின்றன. மாணவர்கள் அவற்றின் பெயர்களை எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஆனால், அந்த வரைபடம் வரையப்பட்ட கதை பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. நோயை அறியாமல் மருந்தின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்வதற்கு இது ஒப்பாகும்.

பொதுப் பணமும் பொது வரிசையும்

இங்கே அமர்ந்திருக்கும் அலுவலர்கள், இது மாணவர் பாடம்தானே, நமக்கென்ன என்று கருதலாகாது. நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

தொலைவில் உள்ள ஓர் அலுவலகம் செயற்கைக்கோள் வழியே தலைமையிடத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. கோப்புகள் மிக மெதுவாகவே வந்து சேர்ந்தன. நொடிக்கு 20 லட்சம் பிட் வேகமுள்ள இணைப்பு போதவில்லை என முடிவு செய்து, ஒரு கோடி பிட் இணைப்பை வாங்கினர். வாடகை உயர்ந்தது, வேகம் உயரவில்லை. பயிற்சிக்காக வந்திருந்த ஒரு மாணவி, பொட்டலங்களை ஒரு பிற்பகல் முழுவதும் பதிவு செய்து பார்த்தார். அனுப்பும் கணிப்பொறி 65,535 பைட் அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் வரும்வரை காத்திருப்பதைக் கண்டார். ஒப்புதல் வர அரை நொடி. ஆக, அரை நொடிக்கு 65,535 பைட், அதாவது நொடிக்கு ஏறத்தாழ பத்தரை லட்சம் பிட். தடம் எவ்வளவு அகலமானாலும் ஒரு கோப்பு அதற்கு மேல் வேகமாகச் செல்ல இயலாது.

கிடங்கிலிருந்து பத்து வண்டி நெல்லை அனுப்பிவிட்டு, ரசீது வந்த பிறகே அடுத்த பத்து வண்டியை அனுப்புவது என்று வைத்துக்கொண்டால், சாலையை அகலப்படுத்தி என்ன பயன்? ரசீதுக்கு முன் அனுப்பக்கூடிய வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். வலையமைப்பில் அதற்கான நெறிமுறை 1992-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. அந்த அலுவலகத்தின் பழைய கணிப்பொறியில் அது முடக்கி வைக்கப்பட்டிருந்தது. மாணவி அதை இயக்கிவைத்தார். செலவு எதுவும் இல்லை. ஆனால், அதற்கு முன்பு பல மாதங்கள் தேவையற்ற வாடகை கட்டப்பட்டிருந்தது.

இது பணத்தோடு நின்றுவிடும் செய்தியும் அன்று. நியாயவிலைக் கடையில் முதியவர் ஒருவர் தம் விரலைக் கருவியின் மீது வைக்கிறார். "சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்" என்று விடை வருகிறது. ஓய்வூதியமும் பயிர்க் காப்பீடும் இருப்புப்பாதை முன்பதிவும் இன்று வலையமைப்பு வழியே நடைபெறுகின்றன. 2016-ல் தொடங்கிய யு.பி.ஐ. முறை தெருவோரக் காய்கறிக் கடைவரை சென்றுவிட்டது. கடைக்காரர் சர்வர் என்று சொல்வது உண்மையில் ஐந்து இடங்களில் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம்: கையில் உள்ள கருவி, கைபேசிக் கோபுரம், அதிலிருந்து செல்லும் தடம், இடையிலுள்ள ரௌட்டர், அல்லது மெய்யாகவே தலைமையிடத்துக் கணிப்பொறி. எது என்று அளந்து சொல்லத் தெரிந்த ஒருவர் அந்த வட்டாரத்தில் இருந்தால் பழுது நீங்கும். இல்லையேல் ஐந்து தரப்பினரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருப்பர். அந்த முதியவர் அரிசியின்றித் திரும்புவார்.

செய்யத்தக்கவை

வகுப்பறையில் என்ன செய்யலாம்? இதற்கு விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. ஒதுக்கி வைக்கப்பட்ட இரண்டு மூன்று கணிப்பொறிகளும், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயக்க முறைமையும் போதும்.

முதல் வாரத்திலேயே பிங், டிரேஸ்ரூட் என்னும் சிறு கருவிகளைக் கொண்டு பல ஊர்களுக்குச் செய்தி சென்று திரும்பும் நேரத்தை அளக்கச் செய்யலாம். அளப்பதற்கு முன்பு, தொலைவைக் கொண்டு தம் மதிப்பீட்டை மாணவர் ஏட்டில் எழுத வேண்டும். மதிப்பீட்டுக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே அந்த வாரத்தின் பாடம். அண்டை மாவட்டத்திற்குச் செல்லும் பொட்டலம் மும்பை வழியாகச் சுற்றிச் செல்வதைக் காணும் மாணவருக்கு வழித்தேர்வு என்ற பாடத்தில் ஆர்வம் தானே பிறக்கும். உள்நாட்டுப் போக்குவரத்து உள்நாட்டிலேயே கைமாறுவதற்கென 2003-ல் தேசிய இணையப் பரிமாற்ற நிலையம் ஏன் நிறுவப்பட்டது என்பதும் அவருக்கு விளங்கும்.

அடுத்து, வயர்ஷார்க் என்னும் இலவச மென்பொருளால் தம் சொந்தக் கணிப்பொறியின் பொட்டலங்களைப் பிடித்துப் பார்க்கலாம். ஒரு தமிழ் வாக்கியத்தை அனுப்பிப் பார்த்தால், யூடிஎஃப்-8 முறையில் நம் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்வதைக் கண்ணால் காணலாம். பிறகு, இரு கணிப்பொறிகளுக்கிடையே லினக்ஸின் வசதியைக் கொண்டு செயற்கையாக அரை நொடித் தாமதத்தை ஏற்படுத்தி, நான் சொன்ன செயற்கைக்கோள் நிகழ்ச்சியை மேசை மீதே நிகழ்த்திக் காட்டலாம். நூற்றில் ஒரு பொட்டலத்தை வேண்டுமென்றே தொலைத்துவிட்டு, வேகம் எவ்வளவு சரிகிறது என்று வரைபடம் வரையலாம்.

மூன்றாவதாக, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் வலையமைப்பு ஒன்று இயங்கிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது பூட்டிய அறைக்குள் உள்ளது. அதைப் பராமரிக்கும் அலுவலருக்கும் பாடம் நடத்தும் துறைக்கும் பேச்சுவார்த்தையே இருப்பதில்லை. ஆண்டுக்குச் சில மாணவர்கள் அந்த அறையில் பயிற்சி பெற வழிவகை செய்யலாம். இதில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பிறருடைய செய்திகளைப் படிப்பது குற்றமாகும், நெறியுமன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-லும், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லும் இயற்றப்பட்டுள்ளன. எழுத்து வழி அனுமதி பெற்று, போக்குவரத்தின் அளவையும் நேரத்தையும் மட்டுமே, ஆளை அடையாளம் காண முடியாத வகையில் கையாள வேண்டும். எதை அளக்கலாம், எதைத் தொடலாகாது என்று அறிவதும் இப்பாடத்தின் ஒரு பகுதியே.

நான்காவது, தேர்வு. "ஏழு அடுக்குகளை விவரி" என்ற கேள்விக்குப் பதிலாக, பதிவு செய்யப்பட்ட இருபது பொட்டலங்களின் பட்டியலைத் தந்து, "இங்கே என்ன நேர்ந்தது?" என்று கேட்கலாம். தேர்வு மாறினால் கற்பித்தலும் மாறும் என்பது அனுபவம் காட்டும் உண்மை.

ஏழு அடுக்கு மாதிரியை நான் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். 1984-ல் பன்னாட்டுத் தர அமைப்பு வெளியிட்ட அது ஒரு நல்ல வரைபடம். ஆனால், அதையொட்டி வகுக்கப்பட்ட நெறிமுறைகள் நிலைபெறவில்லை. 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் ஏற்றுக்கொண்ட டிசிபி, ஐபி நெறிமுறைகளே நிலைத்தன. நம் எர்நெட்டிலும் தொடக்கத்தில் இருவகை நெறிமுறைகளும் இயங்கின. 1990களின் நடுவில் ஏறத்தாழ எல்லாப் போக்குவரத்தும் டிசிபி, ஐபி வழிக்கு வந்துவிட்டது. பெயர்களை மட்டும் கற்றவர்கள் அம்மாற்றத்தின்போது தடுமாறினர். தாமதம், பிழை, வரிசை ஆகியவற்றைக் கற்றவர்களுக்கு எந்த இடரும் நேரவில்லை. வேலைவாய்ப்புக்கு நிறுவனச் சான்றிதழ்கள் வேண்டாவா என்று மாணவர்கள் கேட்கின்றனர். பெறுங்கள், தவறில்லை. ஆனால், சான்றிதழுக்குரிய கருவி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். எர்லாங்கின் கணக்குக்கு நூறு வயது கடந்துவிட்டது. அது இன்றும் பொருந்துகிறது.

அலுவலர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். இணைப்புக்கான ஒப்பந்தத்தில் வேகத்தை மட்டும் எழுதாதீர்கள். தாமதம், தொலையும் பொட்டலங்களின் விழுக்காடு, சேவை தடைப்படும் நேரம் ஆகியவற்றையும் எண்களாக எழுதுங்கள். 99 விழுக்காடு நேரம் சேவை கிடைக்கும் என்பது கேட்பதற்கு நிறைவாகத் தோன்றும். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் ஒரு விழுக்காடு 87 மணி நேரத்திற்கு மேல். அது முழுவதும் அலுவல் நேரத்தில் வாய்த்தால், நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் ஏறத்தாழ 11 வேலை நாட்கள் அலுவலகம் முடங்கும். 99.9 விழுக்காடு என்று எழுதினால் அது ஒரு நாளைச் சற்றே தாண்டும்.

இரண்டாவதாக, உங்கள் மாவட்டத்தில் உள்ள பொறியியல் கல்லூரியின் மாணவர்களுக்கு உங்கள் அலுவலகக் கதவைத் திறந்துவிடுங்கள். ஊராட்சிக்கு வந்து சேர்ந்த ஒளியிழை எத்தனை நாட்கள் உயிருடன் இருக்கிறது, நியாயவிலைக் கடைக் கருவி எத்தனை நொடியில் விடை பெறுகிறது என்று ஒரு பருவம் முழுவதும் அவர்கள் அளந்து தரட்டும். அவர்களுக்கு அது பாடம். உங்களுக்கு அது அறிக்கை.

மாணவ நண்பர்களே, நான் சொன்ன மாணவி எந்தப் புதிய கண்டுபிடிப்பையும் செய்யவில்லை. பாடநூலில் உள்ள ஒரு வகுத்தலைத்தான் செய்தார். ஆனால், கருவியை எடுத்துத் தடத்தில் வைத்துப் பார்த்தவர் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவரே. இன்று மாலை உங்கள் விடுதிக்குத் திரும்பியதும், தில்லிக்கு ஒரு பொட்டலத்தை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை அளந்து பாருங்கள். அதற்கு முன், உங்கள் மதிப்பீட்டை ஏட்டில் எழுதிவையுங்கள். இரண்டும் வேறுபட்டால், ஏன் என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.